மச்சானின் இடது கன்னம்

ஆறு வாரங்களுக்கு முன்னால் நிந்தவூரில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பந்தலுக்குள் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டு நிறையச் சோறு, நடுவில் இறைச்சி, சுற்றிவர ஆறு பேர் — ஆறு கையும் ஒரே தட்டில். எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் அதுதான்.

எங்கள் சஹனில் ஐந்து பேர்தான் இருந்தோம்.

ஆறாவது ஆள் ஆதம்பாவா. என் மனைவியின் மூத்த சகோதரர். ஆகவே எனக்கு மச்சான். அவர் உட்கார்ந்தால் அது சஹன் அல்ல, ஓர் அரசாங்கம். யாருக்கு எந்தத் துண்டு, யார் வெட்கத்தில் வெறும் சோற்றைத் தின்கிறான், யார் அடுத்தவன் எல்லைக்குள் விரலை விடுகிறான் — எல்லாம் அவர் நிர்வாகம். அப்படிப்பட்டவர் பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் நிழலில், தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் வெறும் சோறும் பருப்பும்.

ஏன் என்று கேட்டேன். முழங்கால் வலி, பாயில் குந்த ஏலாது என்றார். முழங்காலுக்கும் இறைச்சிக்கும் என்ன சம்பந்தம்? அதை நான் கேட்கவில்லை. அங்கே என் பங்கு ஆறிக்கொண்டிருந்தது.

நான் கவனிக்காததை என் மனைவி பௌசியா கவனித்திருந்தாள். காக்கா — அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள் — இப்போதெல்லாம் காரம் தொடுவதில்லை. இரண்டு வயதுப் பேத்திக்குத் தன் தட்டிலிருந்து சோறு ஊட்டுவதில்லை. வீட்டில் அவருக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு, கழுவுவதும் அவரே. ஐம்பத்தெட்டு வயது வரையில் தான் குடித்த கோப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தறியாத மனிதர் திடீரென்று பாத்திரம் கழுவினால், ஒன்றில் இரண்டாம் கல்யாண ஆசை வந்திருக்க வேண்டும், அல்லது நோய் வருத்தம் வந்திருக்க வேண்டும். பௌசியா இரண்டுக்கும் தயாராகத்தான் போனாள்.

மண் தின்ற பிள்ளையின் வாயைத் திறப்பதுபோல் அண்ணனின் வாயைத் திறந்து, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்திருக்கிறாள்.

அந்த இடது கன்னத்தின் உட்புறம், முப்பது வருடமாக வெற்றிலைக்கு வாடகைக்கு விட்ட இடம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை — நாலும் சேர்ந்த உருண்டை காலையில் குடிவந்தால் மாலையில்தான் வெளியேறும். அங்கே பெருவிரல் நகமளவு ஒரு வெள்ளைத் திட்டு. ஓரம் மட்டும் சிவப்பு.

சுண்ணாம்பு சுட்டது என்றாராம் மச்சான்.

பௌசியா விடவில்லை. ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த இளம் பெண் டொக்டர் கன்னத்தை இழுத்துப் பார்த்தார், விரலால் அமத்திப் பார்த்தார். இதில் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், இப்போதே எடுக்கலாம் என்றார். மச்சான் தலையாட்டினார். பாத்ரூம் போய் வருகிறேன் என்று எழுந்தார். பின்வாசலால் வெளியேறி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து பிளேன்டி குடித்தார்.

அடுத்த வியாழன் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அவர் வயலில் நின்றார். போன் ஓஃப்.

டொக்டர் பௌசியாவிடம் சொன்னது இவ்வளவுதான்: இப்படியான திட்டுகள் பல, திட்டாகவே இருந்துவிடும். சில, காலப்போக்கில் புற்றாக மாறும். இது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது தெரிந்தால் சின்ன வேலை. பிந்தினால்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லையாம்.

அன்றிரவு எனக்கு உத்தரவு வந்தது.

“பேப்பர்ல ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்க. எங்கட காக்காவுக்கு ஒருக்காச் சொல்லுங்களே.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண் குடிவருகிறவன். ஆகவே உத்தரவென்றால் உத்தரவு. அடுத்த வியாழனுக்குள் மச்சானை அந்தக் கதிரையில் கொண்டுபோய் இருத்த வேண்டும். ஆறு நாள் அவகாசம்.

ஆனால் எனக்கு என்ன தெரியும்? வெட்கமில்லாமல் சொல்கிறேன் — ஒன்றும் தெரியாது. உள்ளே ஏதோ ஒரு ஜந்து இருந்து தின்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தப் பெயரைக்கூட எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார்கள், குரலை ஒரு படி இறக்கி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுமோ என்ற பயம்.

நூலகத்தில் இரண்டு தடித்த புத்தகம் எடுத்தேன். இரண்டு நாள் படித்தேன். மூன்றாம் நாள் பகலில், சாய்மனைக் கதிரையில், கடற்காற்று திரைச்சீலையை உள்ளே அனுப்பி வெளியே இழுத்துக்கொண்டிருக்க, புத்தகம் நெஞ்சில் கவிழ்ந்தது. படித்ததெல்லாம் ஓர் ஊராக வந்தது.

மச்சானின் கன்னத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். மழை விட்ட அந்திபோல மெல்லிய சிவப்பு வெளிச்சம். இரண்டு பக்கமும் வீடுகள், வீடுகள், எண்ண முடியாத வீடுகள். ஒவ்வொரு வீடும் ஒரு கலம். எல்லா வீட்டிலும் ஒரே புத்தகம், அதே பக்கங்கள் — எப்போது வளர வேண்டும், எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது போதும் என்று நிறுத்த வேண்டும், எப்போது சத்தமில்லாமல் மௌத்தாகி மறைய வேண்டும். பழைய வீடு விழுகிறது. அதே அளவில் புதிய வீடு எழுகிறது. யாரும் யாரோடும் சண்டையில்லை. இப்படி ஓர் ஊரை நான் வெளியே எங்கும் கண்டதில்லை.

ஒரு வீட்டில் மட்டும் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் கறை. பாக்குக் கறை, புகையிலைக் கறை. பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார்போல வெள்ளைத் தொப்பி போட்ட சிலர் வந்து பக்கத்தைத் திருத்திக் கொடுக்கிறார்கள். திருத்த முடியாத வீட்டை இடிக்கச் சொல்கிறார்கள்; அது மறுபேச்சில்லாமல் தன்னைத் தானே இடித்துக்கொள்கிறது. மறுபடி கறை. மறுபடி திருத்தம். இப்படியே முப்பது வருடம்... கனவில் அது ஒரு கொட்டாவி நேரம்.

பிறகொரு நாள் ‘நிறுத்து’ என்ற பக்கமே கறையில் மறைந்துபோகிறது. மரைக்கார்மாரை அழைக்கும் பக்கமும் எப்போதோ அழிந்திருந்தது. யாரும் வரவில்லை. அந்த வீடு இரண்டாகிறது. இரண்டு நாலாகிறது. நாலுக்குள்ளும் அதே கறைப் புத்தகம். அடுத்த வளவுக்குள் அத்திவாரம் போடுகிறார்கள். யாரையும் கேட்காமல் லைன் இழுக்கிறார்கள் — கரண்டுக்கல்ல, இரத்தத்துக்கு. ஒழுங்கை அடைபடுகிறது. கடைசியில் ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வருகிறான். அக்கரைப்பற்று பஸ் வருகிறது. ஏறுகிறான். கழுத்திலோ நுரையீரலிலோ இறங்கி, அங்கேயும் வீடு கட்டுவான்.

எங்கே போகிறாய் என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தான். அந்நியன் இல்லை. அது மச்சானின் முகம்.

கண் விழித்தபோது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் எது கன்னம், எது ஊர் என்று விளங்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் மச்சானின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். பனி எழும்பவில்லை. நெல் வேளாண்மை கதிர் தள்ளத் தொடங்கியிருந்தது. பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில் எதுவுமே நிச்சயமில்லாத நேரம் — தூரத்தில் தெரிவது கொக்கா, உரப் பையா, மனிதனா என்று சொல்ல ஏலாது. வாய்க்கால் மட்டும் யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டே போனது. என் கனவு இன்னும் முடியவில்லைபோல் இருந்தது.

வரம்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, புத்தகம், கறை, மரைக்கார்மார், லைன், பஸ். மச்சான் வாய்க்குள் உருண்டையை ஒதுக்கி வைத்துக்கொண்டு — ஓம், அப்போதும் — கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“மச்சான், இது வருத்தமில்ல. ஊர்ச் சண்டை,” என்றார்.

இரண்டு தடித்த புத்தகங்களின் கதி அதுவாயிற்று.

பிறகு அவர் தன்னுடைய விளக்கத்தைச் சொன்னார். அதற்கு அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. கையை நீட்டி வயலைக் காட்டினார். சொறிக்கல்முனையில் இருந்து வேலைக்கு வரும் பூமணி அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் குனிந்து நின்று, பயிருக்கு நடுவில் இருந்து பயிரைப் போலவே இருந்த எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

நெல்லுக்குள் நெல்லாகவே முளைக்கும் களை அது. பன்றி நெல் என்பார்கள். பெயர் அப்படி அமைந்துவிட்டதால் மச்சான் அதையும் ‘அந்த நெல்’ என்றுதான் சொல்வார். அதே இலை, அதே தண்டு. ஆனால் பயிரை முந்தி வளரும், முந்திக் கதிர் தள்ளும், நாம் அறுக்கப் போகும் முன்னமே மணியையெல்லாம் மண்ணில் கொட்டிவிடும். அடுத்த போகம் பத்து நூறாக வரும்.

மூன்று வருடத்துக்கு முன் முதன்முதலாக நாலைந்து தண்டு உயர்ந்து நின்றபோது மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லையாம். தன் மண்ணின் சத்தைப் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வயல்காரர்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். மற்றவற்றை எல்லாம் விடச் செழிப்பாக வளர்ந்ததுதான் வில்லன் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அவர்களும் பார்த்துப் பொறாமைப்பட்டுப் போனார்களாம்.

அந்த நெல் எப்படி வந்தது? வேறு யாருடைய வயலிலோ அறுத்துவிட்டுக் கழுவாமல் வந்த அறுவடை மெஷின் கொண்டுவந்து கொட்டியது என்பது மச்சானின் முடிவு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. வயலில் நடந்ததை வாய்க்குக் கொண்டுபோனார். ஏதோ ஒரு சஹனில், யாருடையதோ கையில் இருந்து, ‘அந்த வருத்தம்’ தன் வாய்க்கு வந்திருக்கிறது. இனித் தன் கையில் இருந்து அடுத்தவன் வாய்க்குப் போகும்.

தண்ணீர்த் தாங்கியின் நிழல், தனித் தட்டு, தானே கழுவிய கோப்பை... எல்லாவற்றுக்கும் விளக்கம் அதுதான். மூன்று மாதமாக அந்த மனிதர் தன்னைத்தானே ஊர்விலக்கு செய்துவைத்திருந்தார். டொக்டர் துண்டெடுத்து அது இன்னதென்று உறுதியாகச் சொல்லிவிட்டால், ஊரும் செய்யும் என்ற பயம் வேறு.

“புள்ளைட வாய்க்குள்ள என்ட கையால போடுவனா மச்சான்?” என்றார், பேத்தியை நினைத்து.

புத்தகங்களில் இருந்து கிடைத்த ஒரேயொரு உருப்படியான விஷயத்தைச் சொன்னேன்.

“இது வெளியால வந்ததில்ல. ஒங்கட கலம்தான், வழி தவறிப் போறது. ஒங்கட வயலுக்குள்ள இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் போகும். வரம்பத் தாண்டி அடுத்தவன்ட வயலுக்குப் போகாது. தட்டால போகாது, கோப்பையால போகாது, முத்தத்தால போகாது.”

(சில கிருமிகள் சில வகைப் புற்றுக்கு வழி வெட்டிக் கொடுக்கும் என்றும் புத்தகத்தில் இருந்தது. அது உண்மை. ஆனால் அப்போதும் தொற்றுவது கிருமிதான், புற்று அல்ல. இதை வரம்பில் வைத்துச் சொல்லி அவரைக் குழப்ப நான் விரும்பவில்லை. உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.)

“வரம்பு தாண்டாதா?” என்று கேட்டார் மச்சான்.

தாண்டாது என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்டது என்னிடமல்ல என்று நினைக்கிறேன். பனிக்குள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் மெல்ல இறங்கின, நெல் மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல.

பாதி வெற்றி. மீதிப் பாதி கத்தி.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் இந்த வருத்தத்துக்கு ஒப்பரேஷன் செய்து மூன்று மாதத்தில் மௌத்தானார். கத்தி பட்டதால்தான் பரவியது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவர் கத்தியிடம் போனதே எல்லா இடமும் பரவிய பிறகுதான் என்பதை யாரும் கதைக்கவில்லை. கத்தி கண்ணுக்குத் தெரிகிறது, தாமதம் தெரிவதில்லையே. நான் இதைச் சொல்லிப் பார்த்தேன். மச்சான் மறுபடியும் வயலைக் காட்டினார். அந்த நெல்லின் பழுத்த கதிரில் கை பட்டாலே போதும், சலசலவென்று கொட்டிவிடும். அப்படியிருக்க, இதைத் தொட்டால்?

நல்ல கேள்வி. என் புத்தகங்களில் பதில் இருந்தது, பதினேழு பக்கத்தில். வயல் வரம்பில் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை.

பூமணி அக்கா நிமிர்ந்தார். அவ்வளவு நேரமும் எங்கள் கதை முழுவதும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு ஆம்பிளைகள் வேலையில்லாமல் வரம்பில் நிற்கிற எரிச்சலும் முகத்தில் இருந்தது.

“பழுத்தாத்தானே போடியார் கொட்டும். இப்ப புடுங்கினா என்ன கொட்டப் போகுது?”

மச்சானுக்கு இருப்பது ஐந்து ஏக்கர். போடியார் என்பது பெரிய நிலக்காரருக்குரிய பட்டம். பூமணி அக்கா கோபம் வந்தால் மட்டும் அதைக் கொடுப்பார். பக்கத்தில் சந்தேகமாக நின்ற தண்டொன்றைப் பிடுங்கி, இளங்கதிரைப் பிரித்து, மணியின் நுனியில், நல்ல நெல்லுக்கு இல்லாத, நீண்ட மீசையைக் காட்டினார்.

“ஒண்டப் புடுங்கிப் பாத்தாத்தானே நெல்லா, மத்ததா எண்டு தெரியும். பாக்காம நிண்டா அது நிக்குமா?”

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அவருக்கு இன்னும் அரை ஏக்கர் மிச்சமிருந்தது.

உவமைக்கு எல்லை உண்டு என்பது எனக்குத் தெரியும். வயலை ஒரு போகம் சும்மா போடலாம். மனிதனை அப்படிப் போட முடியாது. ஒரு வயலில் கைக்கு எட்டும் களையும், உடம்பில் கண்ணுக்கே தெரியாத ஒன்றும் ஒன்றல்ல. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். நல்ல காலம், மச்சான் என் பக்கம் பார்க்கவில்லை. வாய்க்காலோரம் குந்தி, உருண்டையைத் துப்பி, நாலைந்து தடவை வாய் கொப்பளித்தார். பிறகு, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வியாழன். கிளினிக் வாங்கில் இரண்டு மணித்தியாலம். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகியது. ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடக் கூப்பிட, நான் மச்சானுக்கும் பின்வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் எழும்பவில்லை.

உள்ளே நடந்தது, வெளியே காத்திருந்ததில் கால்வாசி நேரம்கூட இல்லை. விறைக்க ஒரு ஊசி. சின்னதாக ஒரு வெட்டு. ஒரு தையல். எடுத்த துண்டு ஓர் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. டொக்டர் அதைச் சின்னப் போத்தலுக்குள் போட்டார். விறைத்த வாயால் மச்சான் ஏதோ சொன்னார். அதைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார்.

தெளிந்த மருந்து நீருக்குள் அது மெல்லச் சுற்றிச் சுற்றி இறங்கியது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தன்னைத் தானே ஒரு போத்தலுக்குள் பார்ப்பது எப்படியிருக்கும்? எதிரியைப் பார்ப்பதுபோல அவர் பார்க்கவில்லை. வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல... கோபமும் இருந்தது, அதைவிட அதிகமாக வேறெதுவோவும் இருந்தது.

முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் வெற்றிலை இல்லை. பதிலுக்கு ஏலக்காயைக் கடித்தார், எங்களையும் கடித்தார். பௌசியா தொழுதுவிட்டு முசல்லாப் பாயில் இருந்து எழும்ப நேரமெடுத்தாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பருவமழையைப் பற்றி இவ்வளவு விரிவாக நாங்கள் வாழ்க்கையில் கதைத்ததே இல்லை.

நேற்று முன்தினம் போனோம். டொக்டர் தாளை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். இரண்டாம் தடவை எதற்கு? அந்த நேரத்தில் நான் சுவரில் இருந்த பல் படத்தில் முப்பத்திரண்டையும் எண்ணி முடித்தேன்.

புற்று இல்லை என்றார்.

ஆனால் கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்றார். புற்றுக்குப் போகும் பாதையில் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டன. இன்னும் போய்ச் சேரவில்லை. திட்டை முழுதாக எடுத்துவிடலாம், சின்ன ஒப்பரேஷன். வெற்றிலை இனி இல்லை. புகையிலையை விட்டு வெறும் பாக்கு மட்டும் போடலாமா என்று மச்சான் கேட்கப் போவதை அவர் கண்ணிலேயே படித்து, பாக்கும் இல்லை என்றார். எடுத்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும்.

“எத்தின வருசத்துக்கு டொக்டர்?”

“நீங்க இருக்கிற காலம் முழுக்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சாய்ந்தமருது போனது, காரைதீவு போனது. வீடுகள் முடிந்து இரண்டு பக்கமும் வயல் திறந்தது. வெயில் சாய்ந்து, கதிர்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பொன்னாகச் சாய்ந்திருந்தன. மூன்று மாதத்துக்கொரு தடவை ஆஸ்பத்திரி வாங்கு என்பது மனிதரை உடைத்துவிட்டதோ என்று பயந்தேன். என்ன ஆறுதல் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவரே கதைத்தார்.

“மச்சான், காலம் முழுக்க எண்டுதானே அந்தப் புள்ள சொன்ன?”

ஓம் என்றேன், தயங்கி.

“அப்ப நான் இன்னும் கனகாலம் இரிப்பன் எண்டுதானே அவட நினைப்பு.”

ஆயுள் தண்டனையை இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்த மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.